யாருக்குப் பதில் யார்?

பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக வரும் சொல் ப்ரோநவுன். ஆங்கில இலக்கணத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனவர்களுக்கும் இந்த ஒரு வரி நினைவிருக்கும். லத்தீனில் 'ப்ரோநோமென்' என்றார்கள், பெயருக்கு மாற்று என்ற பொருளில். அதற்கு முன்பே கிரேக்க இலக்கணக்காரர்கள் 'அந்தோனிமியா' என்று வைத்த பெயருக்கும் அதே பொருள்தான். இரண்டாயிரம் வருடமாகக் கைமாறி வந்த விளக்கம். கொஞ்ச நேரம் அதோடு தனியாக உட்கார்ந்தால் அங்கங்கே ஒழுகுவது தெரிகிறது.

'ஐ' யாருடைய பெயருக்குப் பதில்? சின்னக் குழந்தை 'பாப்பாவுக்குப் பசிக்குது' என்கிறது. பிறகு ஒரு நாள் 'எனக்குப் பசிக்குது' என்கிறது. அன்றைக்கு அது ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கவில்லை. பேசுகிறவர் எவரோ அவர்தான் 'நான்' என்கிற ஏற்பாட்டுக்குள் அதுவும் வந்து சேர்ந்துவிட்டது. நான் பேசும்போது ஐ நான். நீங்கள் பதில் சொன்னால் அதே ஐ நீங்கள். எந்தப் பெயரும் இப்படி வாய்க்கு வாய் ஆள் மாறுவதில்லை.

'நோபடி'யிடம் வந்தால் இன்னும் சங்கடம். ஆளே இல்லாத இடத்தில் யார் பெயருக்குப் பதிலாக நிற்பது?

*

வகைகள் எத்தனை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எந்தப் புத்தகத்தைக் கேட்பது? லிண்ட்லி மர்ரி 1795-ல் எழுதிய இலக்கணத்தில் மூன்றே வகை: பர்சனல், ரிலேட்டிவ், அட்ஜெக்டிவ். நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கையில் இருக்கும் ரென் அண்ட் மார்ட்டினில் ரிஃப்ளெக்சிவ், எம்ஃபாடிக், டிமான்ஸ்ட்ரேட்டிவ், இன்டெஃபினிட், டிஸ்ட்ரிபியூட்டிவ், இன்டராகேட்டிவ் என்று வரிசை நீள்கிறது. 2002-ல் ஹட்டில்ஸ்டனும் புல்லமும் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணம், ப்ரோநவுன் தனி இனமே இல்லை, பெயர்ச்சொல்லுக்குள் ஓர் உட்பிரிவு என்கிறது.

'மை' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் போதும். ரென் அண்ட் மார்ட்டினுக்கு அது அட்ஜெக்டிவ், 'மைன்' மட்டுமே ப்ரோநவுன். கேம்பிரிட்ஜ்காரர்களுக்கு இரண்டுமே ப்ரோநவுன். இன்றைய பள்ளிப் புத்தகங்கள் சிலவற்றில் 'மை' டிட்டர்மினர். சொல் மாறவில்லை, அதற்குப் போட்ட சட்டை மாறுகிறது. இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் விளக்கினால் "சரி மிஸ், மார்க்குக்கு எதை எழுதணும்?" என்று கேட்கும். நியாயமான கேள்வி.

*

ஒரு வீட்டை வைத்து நான்கு வாக்கியங்கள்.

'தட் இஸ் மை ஹவுஸ்.' அதுதான் என் வீடு. இங்கே 'தட்' விரல் நீட்டுகிறது, தனியாக நிற்கிறது. டிமான்ஸ்ட்ரேட்டிவ் ப்ரோநவுன்.

'தட் ஹவுஸ் இஸ் மைன்.' விரல் அப்படியே நீண்டிருக்கிறது, ஆனால் பக்கத்தில் 'ஹவுஸ்' வந்து நின்றுவிட்டது. பெயரே கூட இருக்கும்போது பதிலுக்கு ஆள் எதற்கு? பழைய புத்தகம் இதை அட்ஜெக்டிவ் என்னும்.

'திஸ் இஸ் தி ஹவுஸ் தட் ஐ சோல்ட்.' நான் விற்ற வீடு. இப்போது அது விரலை மடக்கிக்கொண்டு, பின்னால் வருவதை முன்னால் இருக்கும் வீட்டோடு இணைக்கிறது. ரிலேட்டிவ் ப்ரோநவுன்.

'ஐ நோ தட் யூ சோல்ட் இட்.' நீ விற்றது எனக்குத் தெரியும். எதையும் சுட்டவில்லை, எதன் இடத்திலும் நிற்கவில்லை. வெறும் கன்ஜங்ஷன்.

எழுத்தில் நான்கும் ஒன்று. காதில் அப்படி இல்லை. முதல் இரண்டு இடத்திலும் ஆங்கிலேயர் 'தட்'டை அழுத்திச் சொல்வார்கள், உயிரொலி முழுசாகக் கேட்கும். பின் இரண்டிலும் அது தேய்ந்து 'த்ட்' என்று விழுங்கப்பட்டுவிடும். சுட்டுகிற சொல்லுக்குத் தொண்டையில் கிடைக்கும் மரியாதை, இணைக்கிற சொல்லுக்குக் கிடைப்பதில்லை. நம் வகுப்பறைகளில் எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் வாசிக்கப் பழக்குகிறோம். அதனால் காதே சொல்லித் தந்திருக்கக்கூடிய இலக்கணத்தைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

*

மாலை வகுப்பில் ஒரு சின்னப் பெண் கேட்டாள். "மிஸ், 'இட் இஸ் ரெய்னிங்'ல அந்த இட் யாரு?"

பக்கத்துப் பையன் முந்திக்கொண்டான். "மழைடி."

"அப்போ 'மழை மழை பெய்யுது'ன்னு ஆயிடாதா?"

"மேகமா இருக்கும்."

வானம் என்றான் இன்னொருவன். கடவுள் என்றது கடைசி பெஞ்ச். யாரும் சிரிக்கவில்லை. வெளியே நிஜமாகவே தூறிக்கொண்டிருந்தது.

அந்த 'இட்' யாரும் இல்லை. இலக்கணக்காரர்கள் அதற்கு 'டம்மி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 'வந்தேன்' என்று நாம் சொன்னால் போதும், வந்தது யார் என்பது வாலிலேயே இருக்கிறது. வந்தாய், வந்தாள், வந்தார்கள் என்று ஒவ்வொன்றும் தன் ஆளைக் கூடவே அழைத்து வருகிறது. ஆங்கில வினைச்சொல் இந்த விகுதிகளை ஏறக்குறைய முழுதும் உதிர்த்துவிட்ட ஒன்று. 'கேம்' என்றால் நானா, நீயா, அவளா, அவர்களா, எதுவும் தெரியாது. ஆகவே எழுவாய் முன்னால் வந்தே தீர வேண்டும், சொல்வதற்கு ஆள் இல்லாவிட்டாலும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அந்தத் துண்டுதான் இந்த 'இட்'. துண்டுக்கு உரியவர் மட்டும் எந்த ஸ்டாப்பிலும் ஏறப்போவதில்லை.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வகுப்பில் கிடைத்த பதில்களில் கடவுள்தான் எனக்குப் பிடித்தது. தேர்வில் எழுதினால் பூஜ்யம்.

*

'ஹிம்செல்ஃப்' வந்தால் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ரிஃப்ளெக்சிவ் என்று எழுதுகிறார்கள். பாதி நேரம் சரியாகவும் போய்விடுகிறது, அதுதான் கெடுதல்.

அமைச்சர் தன்னைத்தானே புகழ்ந்துகொண்டார். அமைச்சரே வந்து பாலத்தைத் திறந்தார். ஆங்கிலத்தில் இரண்டிலும் ஹிம்செல்ஃப்தான். முதல் வாக்கியத்திலிருந்து அதை எடுத்துவிட்டால் யாரைப் புகழ்ந்தார் என்று அந்தரத்தில் நிற்கும். இரண்டாவதில் எடுத்தாலும் பாலம் திறந்துதான் இருக்கும், அமைச்சரின் மிடுக்கு மட்டும் கொஞ்சம் குறையும். எடுத்தால் வாக்கியம் விழுந்தால் ரிஃப்ளெக்சிவ், நின்றால் எம்ஃபாடிக். இலக்கணத்தில் இவ்வளவு நேர்மையான சோதனை அபூர்வம்.

தமிழ் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனி ஆள் வைத்திருக்கிறது. திரும்பி வருவதற்குத் 'தன்னை', அழுத்திச் சொல்ல ஓர் ஏகாரம். அந்த ஏகாரத்தை ஆங்கிலத்துக்குள் தூக்கிப் போனதால்தான் நம் அலுவலகங்களில் 'டுடே இட்செல்ஃப்' வேலை முடிகிறது. 'இன்றைக்கே' என்பதன் ஏகாரம் அங்கே 'இட்செல்ஃப்' ஆகி உட்கார்ந்திருக்கிறது. லண்டனில் இதைக் கேட்டால் புருவம் உயரலாம். எனக்கு அதில் குறை தெரியவில்லை. நேர்முகத் தேர்வில் 'மைசெல்ஃப் குமார்' என்று ஆரம்பிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அது திரும்பி வரவும் இல்லை, அழுத்தவும் இல்லை. 'ஐ ஆம்' என்று மொட்டையாகச் சொல்லக் கூச்சப்பட்டு, மேலே ஒரு மேல்துண்டு போர்த்திக்கொள்கிற மாதிரித்தான் படுகிறது.

ஆனால் ஓர் இடத்தில் ஆங்கிலம் கைவிரித்துவிடுகிறது. 'தனக்கு உடம்பு சரியில்லை என்று ரவி சொன்னான்.' 'அவனுக்கு உடம்பு சரியில்லை என்று ரவி சொன்னான்.' முதலாவதில் நோயாளி ரவி. இரண்டாவதில் பெரும்பாலும் வேறு யாரோ. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஹி' ஒன்றுதான், சந்தர்ப்பத்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஹிம்செல்ஃப் அவ்வளவு தூரம் எட்டாது, தன் சின்ன வாக்கியத்தின் வேலிக்குள்ளேயே திரும்பி வந்துவிடும். நம்முடைய 'தான்' வேலி தாண்டியும் வீட்டுக்கு வழி தெரிந்தது.

*

ரிலேட்டிவ் ப்ரோநவுன் நம் பிள்ளைகளுக்கு ஏன் பிடிபடாமல் நழுவுகிறது என்பதற்குக் கால்டுவெல்லிடம் பதில் இருக்கிறது. 1856-ல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளை வடமொழிக் குடும்பத்திலிருந்து பிரிக்கும் அடையாளங்களில் ஒன்றாக அவர் இதைக் காட்டினார்: இங்கே ரிலேட்டிவ் ப்ரோநவுனே இல்லை, பெயரெச்சம் அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது. நேற்று வந்த பையன். நேற்று நீ பார்த்த பையன். ஹூவும் இல்லை, ஹூமும் இல்லை. வினை நேராகப் பெயரின் தோளில் கை போட்டுக்கொள்கிறது.

'நான் வெட்டிய மரம்', 'நான் வெட்டிய கத்தி'. மரம் வெட்டுப்பட்டது, கத்தி வெட்டியது. இலக்கணத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம், வித்தியாசத்தைக் கேட்கிறவரின் புத்திக்கே விட்டுவிடுகிறோம். ஆங்கிலம் விடாது. கத்திக்கு 'வித் விச்' என்று கணக்கு எழுதிக் கையெழுத்தும் வாங்கும். பெயரெச்சத்தில் வளர்ந்த குழந்தைக்கு இந்தக் கணக்கெழுத்து அநாவசியமாகத் தோன்றுவது இயல்பு. ரிலேட்டிவ் பாடம் நடத்தும் ஆசிரியர் முதல் நாள் இதைச் சொல்லிவிட்டு ஆரம்பித்தால் பாதிச் சுமை இறங்கும்.

ஹூ மனிதருக்கு, விச் மற்றவற்றுக்கு. உயர்திணை, அஃறிணை அறிந்த நமக்கு இது பழகின வீடு. ஆனால் ஆங்கிலத்தில் இந்த வேலி அவ்வளவு பழையது இல்லை. 1611-ல் அச்சான பைபிளில் பரமண்டல ஜெபம் பிதாவைக் குறிக்க 'விச்' என்றுதான் சொல்கிறது. அன்று அதில் அவமரியாதை இல்லை. இன்று நாய் வளர்ப்பவர்கள் தங்கள் நாய்க்கு 'ஹூ' போடுகிறார்கள். வேலி நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

ஹூ என்று வந்தால் கேள்வியா தொடர்பா என்று குழம்புபவர்களுக்கு: அதற்கு முன்னால் அது திரும்பிப் பார்க்க ஒரு பெயர் இருக்கிறதா? 'தி மேன் ஹூ கேம்' என்பதில் இருக்கிறது, ஆகவே ரிலேட்டிவ். 'ஐ நோ ஹூ கேம்' என்பதில் இல்லை. கேள்விக்குறி போடாவிட்டாலும் உள்ளே ஒரு கேள்வி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது, அது இன்டராகேட்டிவ்.

'தி பாய் ஐ சா.' நான் பார்த்த பையன். இதில் ரிலேட்டிவ் ப்ரோநவுன் எங்கே? இல்லை, ஆனால் வேலை நடந்திருக்கிறது. இந்தத் தொடரில் ஆங்கிலம் தமிழுக்கு மிகப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

*

பழைய ஆங்கிலத்தில் 'விட்' என்று ஒரு சொல் இருந்தது. 'நாம்' இல்லை, 'நாங்கள்' இல்லை. நாம் இருவர். எதிரே இருக்கும் இருவரை அழைக்கவும் தனிச் சொல் உண்டு. பதிமூன்றாம் நூற்றாண்டு வாக்கில் இரண்டும் வழக்கொழிந்தன. கணவனும் மனைவியும், இரண்டு நண்பர்களும், ஒரு தாயும் கைக்குழந்தையும் தங்களுக்கென்று வைத்திருந்த ஒரு சொல் 'வி' என்ற பெருங்கூட்டத்தில் கரைந்துபோனது.

அந்த 'வி'யில் இன்னொரு இருட்டும் உண்டு. கேட்கிறவரைச் சேர்த்தா, விலக்கியா என்று அது சொல்வதில்லை. 'நாம் சாப்பிடலாம்' என்றால் எனக்கும் இலை உண்டு, 'நாங்கள் சாப்பிடுகிறோம்' என்றால் இல்லை. ஆங்கில விருந்தில் இலை போடும் வரை தெரியாது.

'யூ' வேறு கதை. ஒருமைக்குத் 'தௌ' இருந்தது. 'யூ' பன்மை, பிறகு மரியாதைப் பன்மை, நம் 'நீங்கள்' போலவே. பெரியவருக்கு யூ, சிறியவருக்குத் தௌ. பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இதை ஏற்கவில்லை. கடவுள் முன் எல்லாரும் ஒன்று, ஒருவருக்கு ஒருமைதான் என்று நீதிபதியையும் பிரபுவையும் 'தௌ' என்றே அழைத்தார்கள். அவர்களின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸும் கூட்டாளிகளும் 1660-ல் ஒருமை பன்மை இலக்கணத்துக்கென்றே ஒரு புத்தகம் போட்டார்கள். ஒரு ப்ரோநவுனுக்காக அடியும் சிறையும் பார்த்த மனிதர்கள்.

அவர்கள் கேட்ட சமத்துவம் கடைசியில் தலைகீழாக வந்தது. எல்லாரையும் தௌ என்று இறக்குவதற்குப் பதிலாக, எல்லாரையும் யூ என்று ஏற்றிவிட்டது ஆங்கிலம். இன்று வேலைக்காரருக்கும் முதலாளிக்கும் ஒரே யூ. அது பெரிய விஷயம், நம்மால் இன்னும் ஆகாதது. அதே சமயம், 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்த இருவர் ஒரு சாயங்காலம் 'நீ'க்கு மாறுவதை ஆங்கில நாவல் காட்டவே முடியாது.

*

'தே' ஆங்கிலச் சொல்லே இல்லை. வைக்கிங்குகள் வட இங்கிலாந்தில் குடியேறியபோது கொண்டுவந்த நார்ஸ் மொழிச் சொல். மொழிகள் பண்டங்களின் பெயரைக் கடன் வாங்கும், 'அவர்கள்' என்பதைக் கடன் வாங்குவது அபூர்வம். பழைய ஆங்கிலத்தில் அவன், அவள், அவர்கள் மூன்றும் ஏறக்குறைய ஒரே ஒலியாகிவிட்டன. வேறு வழி இருந்திருக்காது. பழைய சொல்லின் எச்சம் ஒன்று மட்டும் இன்னும் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'லெட் எம் கோ' என்பதில் வரும் 'எம்', 'தெம்'மின் சுருக்கம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அது 'ஹெம்' என்ற பூர்வகுடியின் மிச்சம்.

ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவருக்கு 'தே' போடலாமா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. புதுப் பழக்கம் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒரு தகவல்: ஒருமைத் 'தே' பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் இருக்கிறது. 'ஹி'யே இருபாலுக்கும் போதும் என்பது பின்னால் வந்த இலக்கணக்காரர்களும் சட்டம் எழுதியவர்களும் வைத்தது. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம், எட்டாவது பிரிவில், 'ஹி' என்ற ப்ரோநவுன் ஆணையும் பெண்ணையும் குறிக்கும் என்று இலக்கணப் பாடமே நடத்தியது. அதற்குப் பதிலாக வந்த 2023-ன் நியாய சன்ஹிதாவில் அந்தப் பாடம் இரண்டாவது பிரிவில் தொடர்கிறது, திருநரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ப்ரோநவுன் அதே 'ஹி'. அமெரிக்காவில் ஒருவர் இருபாலுக்கும் பொதுவாக 'தொன்' என்று புதுச் சொல்லே உருவாக்கிப் பார்த்தார். 1934-ல் வெப்ஸ்டர் அகராதியில் ஏறியது, 1961-ல் இறக்கப்பட்டது. பெரிதாக யாரும் பயன்படுத்தவில்லை. ப்ரோநவுனை யாரும் செய்து தர முடியாது போலிருக்கிறது, இருப்பதை வளைக்கத்தான் முடியும்.

'டாக்டர் வந்துவிட்டார், அவரைப் பாருங்கள்' என்று தினமும் சொல்கிற நமக்கு இதில் அதிர்ச்சி என்ன? பலர்பாலை எடுத்து ஒருவருக்குக் கொடுத்து, ஆணா பெண்ணா என்று சொல்லாமலே விட்டுவிடுகிறோம்.

*

'ஈச் அதர்' இரண்டு பேருக்கு, 'ஒன் அனதர்' பலருக்கு. இது வகுப்பறை விதி. ஆங்கிலச் சொல்வழக்கு அகராதி எழுதிய ஃபவுலர் 1926-லேயே இதற்கு வரலாற்று ஆதாரமும் இல்லை, பயனும் இல்லை என்று தள்ளிவிட்டார். நகரலாம்.

இன்டெஃபினிட் வகையில்தான் விளையாட்டு. கிரேக்கக் காவியத்தில், சைக்ளோப்ஸ் என்ற ஒற்றைக்கண் அரக்கனின் குகையில் மாட்டிய ஒடிசியஸ் தன் பெயர் 'யாருமில்லை' என்று சொல்லித் தப்பிக்கிறான். அவன் குத்தியதில் கண் போன அரக்கன், யாருமில்லை என்னைக் கொல்கிறான் என்று அலற, உதவிக்கு வந்தவர்கள் யாருமில்லையென்றால் சரி என்று திரும்பிப் போகிறார்கள். 1871-ல் லூயிஸ் கேரல் எழுதிய ஆலிஸின் இரண்டாவது கதையில், சாலையில் நோபடியைப் பார்க்கிறேன் என்கிறாள் ஆலிஸ். நோபடியையே பார்க்க முடிகிற கண் உனக்கு, அதுவும் இவ்வளவு தொலைவிலிருந்து, என்று பொறாமைப்படுகிறார் ராஜா. இரண்டு கதையிலும் நகைச்சுவை ஒரே இடத்தில்தான் பிறக்கிறது: ப்ரோநவுனை ஒருவர் பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொள்கிறார். வகை பிரிக்கத் தெரியாததால் ஓர் அரக்கன் தோற்றான் என்று வகுப்பில் சொன்னால், மறுநாள் இன்டெஃபினிட் ப்ரோநவுனை யாரும் மறப்பதில்லை.

*

மாதிரி வினாத்தாள் ஒன்று மேஜையில் கிடக்கிறது. 'கீழ்க்காணும் ப்ரோநவுன்களின் வகையை எழுதுக' என்று போட்டு, அடியில் தட், ஹூ, ஹிம்செல்ஃப், ஹிஸ் என்று நான்கு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். வாக்கியம் இல்லை. இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட இப்படியே பதில் சொல்ல முடியாது. 'ஹிஸ்' தனியாக நின்றால் ஒன்று, 'புக்' பக்கத்தில் வந்தால் இன்னொன்று. விடைக்குறிப்பில் மட்டும் நான்குக்கும் ஒரே ஒரு விடை அச்சாகியிருக்கும். தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். சொல்லை மட்டும் தராதீர்கள், ஒரு வரி கூடுதலாகச் செலவானாலும் முழு வாக்கியத்தைக் கொடுத்துக் கேளுங்கள்.